கதவுக்கு வெளியே ஒரு சித்தி

சின்னவள் கதவைத் தட்டக் கையை உயர்த்தியதுதான் தாமதம், உள்ளேயிருந்து கேள்வி வந்துவிட்டது.

"யா... யா... யாரு?"

சின்னக் குரல். முதல் எழுத்தில் கால் இடறி, எழுந்து, மறுபடி இடறி, பிறகு மிச்சத்தை ஒரே மூச்சில் வெளியே தள்ளிவிடும் குரல். அவளுடைய அக்கா மகள் மொட்டுவின் குரல்.

"சித்திதான்டா கண்ணு," என்றாள் சின்னவள். மொட்டு பேசி எத்தனையோ வாரம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்தது அக்கா. கையில் சீப்பு, உதட்டிடுக்கில் கொண்டை ஊசி, பாதி பின்னிய தலை.

"வாசல்ல நின்னு யார்கிட்ட பேசிட்டிருக்கே?"

"மொட்டுதான் யாருன்னு கேட்டா. அவ பேசிட்டாளா அக்கா?"

அக்கா வாயிலிருந்து ஊசியை எடுத்தாள். அவள் முகத்தில் ஒரு நொடி ஏதோ எழுந்தது, உடனே அணைந்தது. திரும்பிப் படுக்கையறைப் பக்கம் கை காட்டினாள். அங்கே போர்வைக்குள் சுருண்டு, தலையணையை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு மொட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் உதடுகள் ஒட்டவைத்தாற்போல் இறுகியிருந்தன.

"பக்கத்து வீட்டுல ஃபோன்ல ஓடுது போல. அந்தப் பாழாப்போன கதை. பொழுது விடிஞ்சா அதான், பொழுது போனா அதான்," என்றாள் அக்கா.

சின்னவள் குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவதில் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டாள். குனிந்தபடியே இருந்தால் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

சின்னவளுக்குப் பிழைப்பு குரல். விளம்பரத்தில் சோப்புப் போடுகிற பெண்ணுக்குக் குரல், பொம்மைப் படத்தில் அணிலுக்குக் குரல், வங்கிக்கு ஃபோன் செய்தால் 'சற்றுக் காத்திருக்கவும்' என்று சொல்கிற அம்மணிக்குக் குரல். ஒரு மரச்சாமான் கடைக்கு அடியில், படியிறங்கிப் போகிற நிலவறைதான் ஒலிப்பதிவுக் கூடம். அதன் முதலாளிக்கு ஒரு நாள், குழந்தைகளின் பழங்கதைகளை எல்லாம் மறுபடி சொல்லி ஃபோனில் விடலாம் என்று யோசனை வந்தது. ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தார்கள். ஈ ஓட்டினார்கள். "இதெல்லாம் இந்தக் காலத்துல எடுபடாதும்மா. கிண்டல் பண்ணிடுவோம்," என்றார் முதலாளி. அப்புறம் பிய்த்துக்கொண்டு போனது. நூறு வருஷம் தூங்கிய இளவரசி எழுப்ப வந்த ராஜகுமாரனைப் பார்த்து இன்னும் அஞ்சு நிமிஷம் என்று திரும்பிப் படுத்தாள். மிட்டாய் வீட்டுக் கிழவிக்குச் சர்க்கரை வியாதி. அந்த வரிசையில்தான் ஆட்டுக்குட்டிக் கதை வந்தது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாய் ஆடு, யார் வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள் என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டு வெளியே போகிறது. ஓநாய் வருகிறது. அம்மாவைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு கதவைத் தட்டுகிறது. கிண்டல் கதையில் கடைக்குட்டி 'யாரு' என்று கேட்க ஆரம்பிக்கும், கேட்டு முடிக்காது. திக்கும். ஓநாய் மழையில் நனைந்துகொண்டு காத்திருக்கும், கொட்டாவி விடும், 'சீக்கிரம் கேட்டுத் தொலையேன்' என்று கெஞ்சும், கடைசியில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விடும்.

தாய் ஆடு, ஓநாய், குட்டிகள் எல்லாமே சின்னவள்தான். தாய் ஆட்டுக்கு அக்காவின் பேச்சை எடுத்துக்கொண்டாள், அதில் தப்பில்லை. கடைக்குட்டி மட்டும் வரவே இல்லை. மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள், எல்லாம் நாடகம் போலவே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறக்கும்போது அவள் வாயிலிருந்து மொட்டு வந்தாள்.

ஒலிப்பதிவு செய்தவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இதை எங்கேருந்தும்மா பிடிச்சே?"

"சும்மா வந்துச்சு," என்றாள் சின்னவள்.

அந்தச் 'சும்மா' இப்போதும் அவள் நாக்கில் கசந்தது. மொட்டு அவளை நம்பித்தான் அவ்வளவும் பேசியிருந்தாள். மற்றவர்கள் முன்னால் வாயே திறக்காத குழந்தை, சித்தி மடியில் உட்கார்ந்தால் மட்டும், சொல் எவ்வளவு நேரம் வராமல் நின்றாலும் விடாமல் காத்திருந்து, பள்ளிக்கூடக் கதை பூராவும் சொல்லி முடிப்பாள். சின்னவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கும்போதே எந்த இடத்தில் மூச்சு திணறுகிறது, எந்த எழுத்தில் கன்னம் துடிக்கிறது என்று உள்ளே ஒரு காது தனியாகக் குறித்துக்கொண்டும் இருந்தது. அதை அவள் மறுக்க முடியாது.

கதை பரவிய பிறகு, பள்ளிக்கூடத்தில் மொட்டு வாயைத் திறந்தால் வகுப்பே 'மே' என்று கத்தியது. ஆசிரியைகூட ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டாளாம். மொட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்து, மறுநாள் எழுந்தபோது பேச்சை நிறுத்தியிருந்தாள். கடைசியில குட்டிதானே ஜெயிக்குது, ஓநாய்தானே தோக்குது என்று சின்னவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது அவளுக்கே எடுபடவில்லை.

அக்கா தலைக்குக் கிளிப் போட்டுக்கொண்டே வந்து எதிரில் நின்றாள். செவிலிச் சீருடை. ஆஸ்பத்திரியில் யாரோ வரவில்லையாம், இருட்டுகிற வரைக்கும் இவள் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தான் வெளியூர் வேலையில் இருந்தார். வேறு யாரிடம் விடுவாள்?

"உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அந்தக் கடைசிக் குட்டி பேசறது யாரு?"

"அதான் அன்னைக்கே சொன்னேனேக்கா. அது வேற ஒரு பொண்ணு."

"நீ பக்கத்துல இருந்தேல்ல? நம்ம புள்ள மாதிரியே இருக்கேன்னு உனக்குத் தோணலையா?"

"தோணலைக்கா."

அக்காவின் தோளுக்குப் பின்னால் மொட்டு எழுந்து வந்து நின்றிருந்தாள். கலைந்த தலை, கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். அவள் சித்தியின் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் வெளியே வந்த இடத்தையே.

"பூட்டு ரிப்பேர், சாவி வேலை செய்யாது. உள் தாழ்ப்பாள் போட்டுக்கோ," என்றாள் அக்கா, படியிறங்கிக்கொண்டே. "நான் வந்து தட்டறேன். யார் வந்தாலும்..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். அந்த வாக்கியத்தின் மிச்சம் இருவருக்கும் தெரியும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. பொழுது போவதற்கு நேரம் இருந்தும் வீட்டுக்குள் அழுக்குத் தண்ணீர் போன்ற ஒரு வெளிச்சம்தான் மிஞ்சியிருந்தது. சின்னவள் விளக்கைப் போட்டாள். குழல்விளக்கு இரண்டு முறை துடித்து, மனமில்லாமல் எரிந்தது. ஈரத்துணி வாடை, அடுப்பங்கரையிலிருந்து பால் காய்ந்த வாடை, சுவரில் ஓதம் ஏறிய இடத்திலிருந்து சுண்ணாம்பு வாடை, இவற்றுக்கெல்லாம் அடியில், நாய் மழையில் நனைந்துவிட்டு வந்து படுத்தாற்போல ஒரு முடைநாற்றம். இந்த மாடிக் குடியிருப்பில் யாரும் நாய் வளர்ப்பதில்லை.

மொட்டு பாலில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றாள். மெல்லும் சத்தம்கூட வெளியே வராதபடி தின்றாள். சின்னவள் எதிரில் உட்கார்ந்து, மேசை விரிப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தி மேல கோவமாடா?"

மொட்டு ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்தாள்.

"அந்தக் கதை... அது சும்மா விளையாட்டுக்கு. உன்னை யாரும்..."

முடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக அந்தக் கதை தொடங்கியிருந்தது. முதலில் தாளம், பிறகு தாய் ஆடு, பிறகு ஓநாயின் தொண்டைக் கரகரப்பு. சின்னவளுக்கு ஒவ்வொரு வரியும் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று தெரியும். அடுத்து வரப்போவது எது என்பதும் தெரியும். எழுந்து போய்ச் சுவரில் கையால் தட்டினாள். அந்தப் பக்கம் குழந்தைகள் சத்தத்தைக் கூட்டினார்கள். "யா... யா... யா..." சிரிப்பு. உருண்டு புரண்டு சிரிப்பு. மொட்டு தட்டைத் தள்ளிவிட்டு, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். சின்னவளுக்கு உச்சி முதல் பாதம் வரை கூசியது. யாராவது வந்து தன்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் தேவலை என்றிருந்தது.

இப்போது சொல்லிவிடலாம். மேசைக்கு அடியில் குனிந்து, அது நான்தான்டா என்று சொல்லிவிடலாம். வாய் திறந்தது. சொல் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று மூடிக்கொண்டது.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

மெதுவாக, விரல் முட்டியால் தட்டுவதைப் போல. பிறகு அக்காவின் குரல். "மொட்டு... அம்மா... வந்துட்டேன். கதவத் திறடா செல்லம்."

அப்பாடா என்று எழுந்து ஓடினாள் சின்னவள். தாழ்ப்பாளில் கை வைத்தவள், இழுக்கவில்லை.

அக்கா ஏன் பேசாத பிள்ளையைக் கூப்பிடுகிறாள்? தங்கையை அல்லவா கூப்பிட வேண்டும். அதோடு, 'அம்மா'வுக்கும் 'வந்துட்டே'னுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. தேன் தடவிய இடைவெளி. அக்கா அப்படிப் பேசுகிறவள் இல்லை. அந்த இடைவெளியை வைத்தது சின்னவள், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, தாய் ஆட்டுக்காக. வெளியே நிற்பது அக்காவின் குரல் இல்லை. அக்காவைப் போல இவள் பேசிய குரல்.

பக்கத்து வீட்டு வாண்டுகள் ஃபோனைக் கொண்டுவந்து கதவருகே வைத்து விளையாடுகிறார்கள்.

"போங்கடா! அம்மாகிட்டச் சொல்லிடுவேன்!" என்று அதட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அதே குழந்தைகள் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. பதிவு செய்த கதையில் மொட்டு என்று ஒரு பெயரே கிடையாது.

"மொட்டு... அம்மா... வந்துட்டேன்."

சின்னவள் ஃபோனில் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா உடனே எடுத்தாள். பின்னால் சக்கர வண்டி உருளும் சத்தம், யாரோ இருமும் சத்தம்.

"வார்டுல இருக்கேன்டி. என்ன, ஏதாவது ஆச்சா?"

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. வாசல்ல யாரோ நிக்கறாங்க, உன் குரல்ல பேசறாங்க. யார் குரல், எந்தக் குரல், உனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்பாள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் எல்லாம் வந்துவிடும்.

"ஒண்ணுமில்லக்கா. பால் குடிச்சிட்டா. அதான் சொல்லலாம்னு."

"சரி, வெச்சிடறேன்."

ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, நுனிக்காலில் நடந்து, கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடித் துளையில் கண் வைத்தாள். கறுப்பு. வெளியே விளக்கில்லாத கறுப்பு இல்லை அது. ஈரம் மின்னுகிற, மெல்ல உப்பி அடங்குகிற கறுப்பு. யாரோ, எதுவோ, அந்தப் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு மூச்சு விடுகிறது. கண்ணை எடுத்தாள். மறுபடி வைத்தபோது நடைபாதை காலியாகத் தெரிந்தது. மாடிப்படி விளக்கு, எதிர்ச் சுவர், கதவு வரை வந்து நின்றுவிட்ட ஒரு நீர்த்தடம். திரும்பிப் போன தடம் இல்லை.

குரல் இப்போது கீழேயிருந்து வந்தது. சாவித்துளையின் உயரத்திலிருந்து. ஒரு குழந்தையின் முகம் இருக்கும் உயரத்திலிருந்து.

"மொட்டு. சித்தி வந்திருக்கேன்டா."

சின்னவளின் குரல். நடிப்பு இல்லாத, ஒலிவாங்கி பார்க்காத, அவள் சொந்தக் குரல். ஜலதோஷம் பிடித்தால் லேசாகக் கம்மும் அதே குரல்.

மேசைக்கு அடியில் மொட்டு காதிலிருந்து கையை எடுத்தாள்.

"உன்னைத் தனியா விட்டுட்டு எங்கேயும் போகலடா. வெளியிலதான் நிக்கறேன். உள்ள இருக்கறது நான் இல்லை."

"நான்தான் சித்தி! மொட்டு, இங்க பாரு, என்னைப் பாரு!"

மொட்டு பார்த்தாள். இவள் வாயை. பிறகு கதவை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றது கதவுக்கு வெளியே. குரல் தழுதழுத்தது. "அந்தக் குட்டி நான்தான்டா. வேற யாரும் இல்லை. உன்னைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். நீ என் மடியில உக்காந்து பேசினதை எல்லாம் எடுத்துட்டுப் போய் ஊர் சிரிக்க வெச்சேன். உங்கம்மாகிட்டயும் பொய் சொன்னேன். எனக்கு உன் மூஞ்சியப் பார்க்கவே வெக்கமா இருக்குடா. என்னை மன்னிச்சிடு."

சின்னவள் கதவோடு சாய்ந்துவிட்டாள். இத்தனை வாரமாக இரவெல்லாம் புரண்டு புரண்டு அவள் கோத்துவைத்திருந்த வார்த்தைகள். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று அவள் விழுங்கி வைத்ததை அது எடுத்துச் சொல்லிவிட்டது. அதுவும் எவ்வளவு நன்றாக! இதை இவள் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உண்மையாக இருந்திருக்காது.

மொட்டு மேசைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தாள். அவள் கண் நிரம்பியிருந்தது. அவள் எதிரில் இரண்டு சித்திகள். ஒருத்தி கொஞ்ச நேரம் முன்பு தன் கண் எதிரிலேயே பொய் சொன்னவள். இன்னொருத்தி உண்மையைச் சொல்லிவிட்டு மழையில் நிற்கிறவள். குழந்தை யாரை நம்பும்?

அவள் கதவை நோக்கி நடந்தாள்.

இப்போதாவது. இப்போதாவது சொல். ஆமாம்டா, அது நான்தான், அது சொல்றது அத்தனையும் உண்மை, ஆனா திறக்காதே. அவ்வளவுதான். சின்னவள் வாயைத் திறந்தாள்.

"நா... நா... நா..."

சொல் வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. தள்ளினாள். நகரவில்லை. கன்னம் துடித்தது. மூச்சு நெஞ்சுக்குள்ளேயே முட்டியது.

"நா... நா... நா..."

கடைக்குட்டியின் குரல். ஊர் முழுக்கச் சிரித்த குரல்.

மொட்டு நின்றாள். அவள் முகம் சுருங்கிச் சின்னதாகியது. தன் முகத்துக்கு நேராக, தன் வீட்டுக்குள்ளேயே, சித்தி அதைச் செய்துகாட்டுகிறாள். இல்லை என்று தலையை ஆட்டினாள் சின்னவள். இல்லடா, நான் பண்ணல, தானா வருது. கையைக் கூப்பினாள். மொட்டு அவளைச் சுற்றிக்கொண்டு போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தாழ்ப்பாளைப் பிடித்தாள்.

சின்னவள் பாய்ந்தாள். தாழ்ப்பாள் விலகிவிட்டது. கதவின் இடுக்கில் தன் உடம்பைத் திணித்து, குழந்தையை உள்ளே தள்ளி, வெளியே இருப்பதை மறித்துக்கொண்டு நடைபாதையில் விழுந்தாள்.

ஒன்றும் இல்லை.

ஈரத் தரை. மழைச் சாரல். அவள் முழங்காலில் எழுந்தாள். கணுக்காலை உரசிக்கொண்டு குளிர்ந்த, கனமான, ரோமத்தின் ஈரத்தோடு ஏதோ ஒன்று உள்ளே நுழைந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழுந்தது.

"அ... அ... அ..." இரண்டு கையாலும் அடித்தாள். மொட்டு என்று கூப்பிட முடியவில்லை. உதடுகள் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. "மொ... மொ... மொ..."

உள்ளேயிருந்து அவளுடைய குரல் பேசுவது கேட்டது. இதமாக, தாலாட்டுவதுபோல. "பயப்படாதடா. வெளிய யாரோ விளையாடறாங்க. நீ வா, சித்தி மடிக்கு வா."

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கண்ணாடி போட்ட மனிதர் ஒருவரும், அவர் காலுக்குள் இரண்டு வாண்டுகளும் எட்டிப் பார்த்தார்கள். சின்னவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். உள்ளே இருக்கு. கதவை உடைங்க. அதைத்தான் சொல்ல நினைத்தாள்.

"உ... உ... உ..."

"அப்பா! ஆட்டுக்குட்டி!" என்று கத்தியது ஒரு வாண்டு. "அதே குரல்ப்பா! இந்தக்காதான் அது!" இன்னொன்று கைதட்டியது. "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி செய்யுங்கக்கா!"

மனிதர் முதலில் சிரித்தார். பிறகு அவள் கண்ணீரைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார். "ஏம்மா, அந்தக் குழந்தை பாவம் இல்லையா? அது வீட்டு வாசல்லயே வந்து இப்படிப் பண்றியே, நல்லாவா இருக்கு?" கையை விடுவித்துக்கொண்டு, பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

சின்னவள் நடைபாதையில் தனியாக நின்றாள். மறுபடி தட்டினாள். உதைத்தாள். உள்ளே சத்தம் இல்லை. ஒரு சொல்லை ஒரு வாய்க்குள்ளிருந்து வெளியே கொண்டுவருவது இவ்வளவு பெரிய பாடா? நாள் பூராவும் இதையா சுமந்தாள் அந்தக் குழந்தை? இதையா நான் சிரிப்புக்கு எடுத்தேன்? நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.

படியில் காலடி. அக்கா. உண்மையான அக்கா. குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள். தங்கை ஃபோனில் பேசியது மனதுக்குச் சரியாகப் படாமல் வார்டில் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள் போல.

"ஏன் வெளிய நிக்கறே? புள்ள எங்க?"

"அ... அ... அ... க்..."

அக்கா நின்றுவிட்டாள்.

குடை கையிலிருந்து நழுவியது. அவள் தங்கையின் வாயைப் பார்த்தாள், துடிக்கும் கன்னத்தைப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் கோபம்கூட வரவில்லை. அதற்கும் கீழே போய்விட்ட ஏதோ ஒன்றுதான் வந்தது.

"நீதானா அது," என்றாள் மெதுவாக. "என் மூஞ்சியப் பார்த்து இல்லைன்னு சொன்னியே. நீதானாடி."

சின்னவள் தலையை ஆட்டினாள். ஆமாம். ஆமாம், நான்தான். கதவைக் காட்டினாள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா உதறினாள்.

அப்போது உள்ளேயிருந்து மொட்டுவின் குரல் வந்தது. தடுக்காமல், தயங்காமல், வழித்து விட்டாற்போல.

"அம்மா, நீங்களா? இருங்கம்மா, இதோ திறக்கறேன்."

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விலகியது. கதவு பாதி திறந்தது. வாசலில் மொட்டு நின்றாள், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. அக்கா வாசப்படியைத் தாண்டி உள்ளே முழங்காலிட்டுப் பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்து, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"பேசிட்டியா? என் தங்கம், பேசிட்டியா? இன்னொரு தடவை பேசுடா."

"அம்மா, எனக்கு எல்லாம் சரியாயிடுச்சும்மா. இனிமே நல்லாப் பேசுவேம்மா."

மொட்டுவின் உதடுகள் மூடியிருந்தன.

குரல் திறந்த கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. மொட்டுவின் கண்கள் அம்மாவின் தோளுக்கு மேலாக அகன்று, வழிந்து, சித்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன.

"அ... அ... அ..." என்றாள் சின்னவள். "பி... பி... பின்..."

"போதும் நிறுத்து," என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். "இனிமே நீ இந்த வாசப்படி மிதிக்காதே."

கதவு உள்ளேயிருந்து மெல்லச் சாத்திக்கொள்ளத் தொடங்கியது. குறுகிக்கொண்டே போன அந்த இடைவெளியில், கதவின் பின்னாலிருந்து நீண்ட ஒரு ஈரக் கை மொட்டுவின் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தது. பழம் கனிந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல, அவசரமே இல்லாமல், அழுத்தி அழுத்தி.